நைரோபியில் நான் எடுத்த பாதுகாப்பு கார் சேவை: சேலத்தில் இருந்து வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்காக ஒரு விமர்சனம்

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவுக்குப் போக ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. அதன் பின்னாலேயே ஹேமர், பிட், கம்ப்ரசர் ஸ்பேர்ஸ் விற்கிற என்னைப் போன்றவர்களும் சேலத்தில் இருந்து போய் வந்துகொண்டிருக்கிறோம். டிக்கெட், ஓட்டல், சாம்பிள் பார்சல் என்று எல்லாவற்றுக்கும் நாலு இடத்தில் விலை விசாரிக்கிறோம். ஆனால் அங்கே போய் ராத்திரியில் இறங்கியதும் யாருடைய காரில் ஏறப் போகிறோம் என்பதை மட்டும் "பார்ட்டி வண்டி அனுப்புறேன்னு சொல்லிட்டாரு" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பார்ட்டியை வாட்ஸ்அப்பில் பார்த்ததோடு சரி. புதுப் பார்ட்டி அனுப்பும் காரில் ஏறுவது என்றால் நம் பாஸ்போர்ட், பணம், உயிர் மூன்றையும் அவர் கையில் கொடுப்பதாகத்தான் அர்த்தம். அதனால் நைரோபியில் உள்ள ஒரு பாதுகாப்பு நிறுவனத்திடம் பிக்கப், டிரைவர், தினசரி கண்காணிப்பு சேர்ந்த பேக்கேஜ் ஒன்றை எடுத்தேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், தவிர இதே வேலையைச் செய்கிறவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். யாரிடம் எடுத்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் ஊரைப் பற்றி. கென்யாவின் தலைநகரமான நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஏற்காட்டைவிட உயரம், ஜூன் ஜூலையில் போனால் ஸ்வெட்டர் கண்டிப்பாக வேண்டும். குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கிறார்கள், பார்க்லேண்ட்ஸ் பக்கம் சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. நல்ல ஊர், நல்ல ஜனங்கள். அதே ஊரில்தான் 1998 ஆகஸ்டில் அமெரிக்கத் தூதரகத்தில் குண்டு வெடித்து 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2013 செப்டம்பரில் வெஸ்ட்கேட் மாலில் தீவிரவாதிகள் புகுந்து தாக்கியதில் 67 பேர், அதில் இந்தியர்களும் உண்டு. 2019 ஜனவரியில் டூசிட் ஓட்டல் வளாகத்தில் 21 பேர். இன்றைக்கும் பெரிய மால், பெரிய ஓட்டல் எதற்குள் போனாலும் காருக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பதும் பையைச் சோதிப்பதும் அதனால்தான். பொறுமையாக நில்லுங்கள், அது நமக்காகத்தான்.

ஆனால் நம்மைப் போன்ற வியாபாரிக்கு அன்றாடம் வருகிற ஆபத்து வேறு மாதிரி. டிராஃபிக்கில் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் போனைப் பறித்துக்கொண்டு பைக்கில் போய்விடுவார்கள். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்து பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பணம் பிடுங்குவார்கள். பாரில் குடிக்கிறதில் மருந்து கலப்பதும், இருட்டிய பிறகு வண்டியை மறிப்பதும் நடக்கிறது. 2022 ஜூலையில் இந்தியர்கள் இரண்டு பேர் இரவில் வெளியே போனவர்கள், டாக்சி ஓட்டுநரோடு சேர்ந்து காணாமல் போனார்கள். அப்போது கார் மட்டும் கிடைத்தது. போலீஸின் சிறப்புப் பிரிவு ஒன்றின் மேலேயே சந்தேகம் விழுந்து, அக்டோபரில் அந்தப் பிரிவையே கலைத்தார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் வந்த செய்திதான். அதைப் படித்ததில் இருந்து "நான் இப்போ எங்கே இருக்கணும்னு யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. இந்த மாதிரி சேவையில் நாம் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான். வாட்டசாட்டமான ஆள் பக்கத்தில் நிற்பது அதற்கு அப்புறம்தான்.

கிளம்புவதற்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். விமான எண், ஓட்டல், யார் யாரைப் பார்க்கப் போகிறேன், எந்த முகவரியில், ரத்த வகை, சாப்பிடுகிற மாத்திரை, சேலத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் ஒரு பெண்மணி வீடியோ காலில் வந்து ஒவ்வொரு மீட்டிங்காகக் கேட்டார். "இந்தக் கம்பெனியின் சி.ஆர்.12 பார்த்தீர்களா?" என்றார். கென்யாவில் ஒரு கம்பெனியின் டைரக்டர்கள், பங்குதாரர்கள் யார் என்று காட்டும் அரசுப் பதிவு நகல் அது, கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். என் பட்டியலில் இருந்த புதுப் பார்ட்டி ஒருவருக்கு அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். என்னிடம் டைரக்டர் என்று பேசிக்கொண்டிருந்தவர் பெயர் அதில் இல்லை. அந்த மீட்டிங்கை ஓட்டல் லாபிக்கு மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அவர் வரவே இல்லை. என்னைக் கேட்டால் கொடுத்த காசுக்கு இது ஒன்றே போதும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காங்கோவில் இருந்து வந்த தங்கம், மார்க்கெட் விலையைவிடக் குறைவு, நைரோபிக்கு வந்து கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று மெசேஜ் வந்தால் அதைத் தொடவே வேண்டாம். போலித் தங்க மோசடி அங்கே பல வருஷமாக நடக்கிறது, பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள். வாடகைக்கு எடுத்த அலுவலகம், யூனிஃபார்ம் போட்ட ஆட்கள், முத்திரை குத்திய காகிதம் எல்லாம் தயாராக வைத்திருப்பார்கள். அங்கே தனியாகப் போய் மாட்டிக்கொண்டால் பணத்தோடு மட்டும் போகாது.

பிக்கப்புக்கு வருகிறேன். விமானம் ஏறும் முன்பே டிரைவரின் போட்டோ, கார் நம்பர், ஒரு ரகசிய வார்த்தை மூன்றும் வந்துவிட்டன. டிரைவர் பிடித்திருந்த அட்டையில் அந்த வார்த்தை மட்டும்தான் இருந்தது, என் பெயரோ கம்பெனி பெயரோ இல்லை. பெயர் எழுதிய அட்டையை வேறொருவன் பார்த்து அதே பெயரை எழுதிக்கொண்டு முன்னால் வந்து நிற்க முடியும், அதனால் இந்த ஏற்பாடு. கார் சாதாரண பழைய டொயோட்டா, நைரோபி முழுக்க ஓடுகிற மாதிரி ஒன்று. எனக்கு அதுதான் திருப்தி. கறுப்பு நிறப் பெரிய வண்டியில் போய் இறங்கினால் உள்ளே பணக்காரன் இருக்கிறான் என்று நாமே ஊருக்குச் சொன்ன மாதிரி.

ஏர்போர்ட்டில் இருந்து மொம்பாசா ரோட்டில் ஊர்ந்து போகாமல், 2022ல் திறந்த எக்ஸ்பிரஸ்வேயில் டோல் கட்டி நேராக வெஸ்ட்லேண்ட்ஸ் போய்விட்டோம். அதில் பைக்குகளை விடுவதில்லை, சிக்னலில் நிற்கிற வேலையும் இல்லை. உங்கள் பேக்கேஜில் டோல் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் கையில் இருந்து கட்டுங்கள், அந்தக் காசில் மிச்சம் பிடிக்காதீர்கள். டிரைவர் தன்மையான மனிதர். கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, "போனை மடியில் வையுங்கள் சார், ஜன்னல் பக்கம் வேண்டாம்" என்றார். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் முகப்பு வெளியே பார்த்திருக்கும்படிதான் நிறுத்துவார். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் உள்ளே சரக்கு காட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் காரை விட்டு நகரவில்லை. ஊருக்கு வெளியே கஜியாடோ பக்கம் போர்வெல் போடுகிற இடத்துக்குப் போனபோது இருட்டுவதற்குள் திரும்பியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார், பார்ட்டி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அப்போது சங்கடமாக இருந்தது, ஆனால் அவர் செய்ததுதான் சரி. ராத்திரியில் அந்த நெடுஞ்சாலையில் திருடனைவிட லாரிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

துப்பாக்கி ஏந்திய காவலர் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். கென்யாவில் தனியார் காவலர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை, ஆயுதத்தோடு ஆள் தேவை என்றால் போலீஸ் மூலமாக முறைப்படி ஏற்பாடு செய்ய வேண்டும். இதை அவர்களே நேர்மையாகச் சொன்னார்கள். எங்கள் ஆளிடமே துப்பாக்கி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தக் கம்பெனியை விட்டு விலகுங்கள். 2016ல் வந்த தனியார் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

இனி குறைகள். பாதியில் ஒரு நாள் காலையில் டிரைவரை மாற்றிவிட்டார்கள், எனக்குச் சொல்லவில்லை. ஓட்டல் வாசலில் வேறொருவர் வேறு காரோடு நிற்கிறார், என் பெயரைச் சொல்கிறார், ரகசிய வார்த்தை கேட்டால் விழிக்கிறார். நான் ஏறவில்லை. கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டால் எடுக்க நேரம் ஆனது, அப்புறம்தான் போட்டோ வந்தது, முதல் மீட்டிங் தள்ளிப்போனது. பழைய டிரைவருக்கு உடம்பு சரியில்லையாம். அது யாருக்கும் வரும், ஆனால் ஆள் மாறுவதை முன்கூட்டியே சொல்லாத பாதுகாப்புச் சேவைக்கும் தெருமுனை டாக்சிக்கும் என்ன வித்தியாசம்? இதை அவர்களிடமே கொஞ்சம் கடுமையாகச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டு அன்றைய கட்டணத்தைக் கழித்தார்கள். எனக்குக் கழிவு பெரிதில்லை, அந்த நிமிஷம் வயிற்றைப் பிசைந்தது.

அடுத்தது ராத்திரி மெசேஜ். தினமும் ஒன்பது மணிக்கு "ரூமில் இருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள், பதில் இல்லையென்றால் ஓட்டலுக்குப் போன் செய்து அறைக்கு ஆள் அனுப்புவார்கள். அங்கே ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை. நான் பதில் போட்டதும் சேலத்தில் என் மனைவிக்கும் ஒரு மெசேஜ் போய்விடும். அவள் நிம்மதியாகத் தூங்கியது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த மெசேஜ் இரண்டு பக்கமும் வரவில்லை. அவள் விடிய விடிய விழித்திருந்தாள். ஞாயிறு கன்ட்ரோல் ரூமில் யார் இருப்பார்கள் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். காத்திருப்புக் கட்டணத்தையும் கடைசி பில்லில் தாராளமாக ஏற்றியிருந்தார்கள், பேசிக் குறைத்தேன்.

விலை என்று பார்த்தால், ஒரு நாளைக்கு நான் தங்கிய ஓட்டலின் ஒரு இரவு வாடகையைவிடக் கொஞ்சம் அதிகம். எல்லா நாளும் எடுக்க முடியாதவர்கள் வந்திறங்கும் இரவு, புதுப் பார்ட்டியைப் பார்க்கும் நாள், ஊருக்கு வெளியே போகும் நாள் இவற்றுக்கு மட்டுமாவது எடுங்கள். மற்ற நேரம் பகலில் வெஸ்ட்லேண்ட்ஸ், பார்க்லேண்ட்ஸ் சுற்றுவதற்கு ஊபர், போல்ட் பரவாயில்லை. தேதி போடும்போது ஜூன் 25, ஜூலை 7 இரண்டையும் தவிருங்கள். 2024 ஜூன் 25ல் வரி மசோதாவை எதிர்த்துக் கூட்டம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தது, ஜூலை 7 அங்கே பழைய போராட்ட நாள், அந்தத் தேதிகளில் மறுபடி கூட்டம் கூடலாம். நகர மையத்துச் சாலைகளை அடைத்துவிட்டால் டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அனுமதி பெற்ற இடத்தில் போட்டு, கார்டைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் நாட்டு ஏர்போர்ட்டிலேயே தனிமைப்படுத்தி வைப்பார்கள். பிளாஸ்டிக் கவர்களை வீட்டிலேயே எடுத்துப் போட்டுவிடுங்கள், 2017ல் இருந்து கென்யாவில் தடை.

அடுத்த முறையும் இதே நிறுவனத்தைத்தான் எடுப்பேன். ஆள் மாறினால் புது வார்த்தையும் போட்டோவும் முன்கூட்டியே வர வேண்டும், வராவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.