சில்லர் திருத்தி வந்துவிட்டது: வெள்ளவத்தையில் என் கடல்நீர்த் தொட்டி

திருத்த வேலைக்குப் போன சில்லர், தொட்டித் தண்ணீரைக் குளிராக்கும் மெஷின், 19 நாள் கழித்துப் போன வாரம் வீட்டுக்கு வந்தது. அதே நேரம் தெஹிவளையில் இருக்கும் நண்பன் போன் எடுத்தான். "மச்சான், மூன்றடித் தொட்டி ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன், கடல் மீன் வளர்க்கத்தான். முதலில் சில்லர் வாங்கட்டா, லைட் வாங்கட்டா?" என்றான். திருத்தக் கூலி கொடுத்த சூடு ஆறாமல் இருந்தேன். "சில்லர் பக்கமே போகாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு அது போதாது. முழுவதையும் எழுதுகிறேன்.

என்னுடையதும் மூன்றடித் தொட்டிதான், ஏறக்குறைய 180 லீட்டர். 2021 கடைசியில் வைத்தது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு டாம்செல் மீன், ஒரு இறால். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து முதலில் வாங்கியது 100 வாட் ஹீட்டர். அது இன்றுவரை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அந்தப் புத்தகங்கள் குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதியவை. கொழும்பில் பிரச்சினை நேர் எதிர். ஏப்ரலில் எங்கள் ஹோலில் பகல் 31 பாகை. பம்பும் லைட்டும் தரும் சூடு சேர்ந்தால் தொட்டித் தண்ணீர் அதற்கும் மேலே போகும். கடல் மீன் தொட்டிக்கு 25 முதல் 27 வரை நல்லது என்பார்கள். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசன் குறையும், மீனுக்கோ ஒட்சிசன் கூடுதலாக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதுதான் பயம்.

சில்லரை 2022இல் நாட்டை விட்டுப் போன ஒருவரிடம் வாங்கினேன், ஆறு மாதம் பாவித்தது. அந்த நேரம் கடைகளில் புதிதாக எதுவும் இல்லை. குளிராக்குவதில் அதைக் குறை சொல்லவே முடியாது. 26 என்று வைத்தால் 26தான். சித்திரை வெயிலிலும் அரைப் பாகைக்கு மேல் ஆடியதில்லை. காலையில் எழுந்து அந்தச் சிவப்பு இலக்கத்தைப் பார்த்தால் மனதுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு என்ன விலையும் கொடுக்கலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன்.

ஆனால் அதை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

முதலில் தொட்டியின் கீழ் அலுமாரிக்குள் வைத்தேன். தான் வெளியே ஊதிய சூட்டுக் காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு நிற்காமல் ஓடியது. கதவைத் திறந்தால் அடுப்படி போல் இருந்தது. பிறகு ஹோலில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அது எங்காவது விடத்தானே வேண்டும், ஹோலில் விட்டது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் அம்மாவுக்கு வியர்த்தது. "மீனுக்குக் குளிர், எங்களுக்கு வேக்காடா?" என்று கேட்டா. நியாயமான கேள்வி. அதோடு ஹோல் சூடாகினால் தொட்டியும் சூடாகும், சில்லர் இன்னும் கூட ஓடும். 150 வாட் என்று வைத்து நாளுக்கு 12 மணி நேரம் ஓடினாலே மாதம் 54 அலகு. இங்கே அலகு கூடக் கூட அலகின் விலையும் ஏறும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது அந்த 54 அலகு நன்றாகவே உறைத்தது.

கடைசியில் பல்கனிக்குக் கொண்டுபோனேன். சுவரில் துளை போட்டு மூன்று மீட்டர் குழாய் இழுத்தோம். ஹோல் குளிர்ந்தது, சத்தமும் போனது. குழாய்க்கு மேலே பஞ்சு உறை சுற்றாமல் விட்டதால் அது வியர்த்துச் சொட்டியது, அதையும் சரி செய்தேன். இதுதான் சரியான இடம் என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன். எங்கள் பல்கனி கடலைப் பார்த்தது. மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கினால் ஜன்னல் கம்பியை விரலால் தடவினாலே உப்பு ஒட்டும். அந்தக் காற்றைத்தான் சில்லர் நாள் முழுக்கத் தன் தகடுகளுக்குள்ளால் இழுத்துக்கொண்டிருந்தது.

இந்த ஏப்ரல் முதல் வாரம் இலக்கம் 26இலிருந்து 27க்கும், 28க்கும், 29க்கும் ஏறியது. மெஷின் ஓடுகிறது, குளிர் வரவில்லை. பிரிட்ஜ் திருத்துபவர் வந்து மூடியைக் கழற்றினார். அலுமினியத் தகடுகள் விளிம்பில் வெள்ளை மாவாக உதிர்ந்தன. செப்புக் குழாய் வளையும் இடத்தில் பச்சைக் களிம்பு. சவர்க்கார நுரையை அதன் மேல் பூசினார். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஊசி முனை அளவில் ஒரு குமிழி மெதுவாக வீங்கி உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது. காஸ் எல்லாம் அந்த வழியால் போயிருந்தது. ஒட்டி, காஸ் நிரப்ப வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனார். போனவர் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார். ஏப்ரல் நடுவில் கொழும்பே காலியாகும், யாரைக் குறை சொல்ல?

அந்த 19 நாளைப் பற்றித்தான் நண்பனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

பயத்தில் இரண்டு சின்ன மின்விசிறி வாங்கி, தொட்டி விளிம்பில் பூட்டி, நீர்மட்டத்தின் மேல் சரிவாக ஊதும்படி விட்டேன். இரண்டும் சேர்ந்து 10 வாட் கூட இல்லை. மேல்மூடியை எடுத்துவிட்டு வலை போட்டேன், இல்லாவிட்டால் க்ளவுன் துள்ளி வெளியே விழும். தண்ணீர் ஆவியாகப் போகும்போது சூட்டையும் கொண்டு போகும், மண்பானைக் கணக்குதான். அடுத்த நாள் பின்னேரம் பார்த்தால் 28.6. அதற்குக் கீழே இறங்கவில்லை. இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. மழைக்கு முந்திய புழுக்கமான நாட்களில் 29ஐத் தொட்டது. மின்விசிறி 26 தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. முன்பு நாளுக்கு ஒன்றரை லீட்டர் குறையும் தண்ணீர் நான்கு லீட்டர் குறையத் தொடங்கியது. நீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. 180 லீட்டரில் நான்கு லீட்டர் போனால் ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு ஒரே நாளில் 35.8 ஆகும். இரண்டு நாள் மறந்தால் 36.6. அதை நிரப்பும்போது உப்புக் கலக்காத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பை ஏற்றிவிடுவார்கள். இந்த இடத்தில்தான் ஏ.டி.ஓ என்கிற, மட்டம் குறைந்தால் தானாகத் தண்ணீர் சேர்க்கும் சின்னக் கருவி என்னைக் காப்பாற்றியது. தொட்டிக்கு வாங்கியவற்றில் இவ்வளவு சின்ன விலைக்கு இவ்வளவு வேலை செய்தது வேறொன்றும் இல்லை. மிதவையில் நத்தை ஏறி உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பதினோராம் நாள் காலையில் பெரிய க்ளவுன் தொட்டி மூலையில் இருந்த ஓட்டுத் துண்டை விட்டு நகரவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டின் உள்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு செம்மஞ்சள் முட்டைகள், அரிசி நட்டு வைத்ததுபோல். சின்னவன், ஆண், வாயால் ஒவ்வொன்றாகத் தடவுவதும் செட்டையால் விசிறுவதுமாக இருந்தான். முட்டையைக் கண்ட ஆறாம் நாள் அதற்குள்ளே வெள்ளிக் கண்கள் தெரிந்தன. எட்டாம் நாள் இரவு பொரித்தன. குஞ்சுகளுக்குக் கொடுக்க நுண்ணிய உயிர் உணவு என்னிடம் இருக்கவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் அது கவலைதான். ஆனாலும் நான் பயந்து பயந்து 26இல் பூட்டி வைத்திருந்த இரண்டு மீன்கள் முதல் தடவையாக முட்டையிட்டது 28.6இல், விசிறிக் காற்றுக்குக் கீழே. அதற்கு வெப்பம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வயதும் வந்திருக்கும். எப்படியும் அந்த வெப்பத்தில் மீன்கள் கஷ்டப்படவில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

மற்றச் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக, மச்சான். மீன் மட்டும் வளர்ப்பதென்றால் விலை கூடிய லைட் வேண்டாம். பவளத்துக்குத்தான் அந்த லைட் வேண்டும், இலங்கைக் கடலில் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம், யாராவது மலிவாகத் தந்தாலும் தொடாதே. ஸ்கிம்மர், தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் கருவி, வேண்டும், கொஞ்சம் பெரிதாகவே எடு. உப்பு பார்க்க முள் ஆடும் பிளாஸ்டிக் பெட்டியை நம்பாதே, ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கு, அதையும் 35 என்று அளந்து விற்கும் திரவத்தில் வைத்துச் சரிபார். கடல் பக்கத்தில்தானே, வாளியில் அள்ளலாமே என்று கேட்டாய். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் எங்கே போய் விழுகின்றன என்று மரைன் டிரைவில் நடந்துபோய்ப் பார். ஆர்.ஓ. என்கிற நுண்சவ்வில் வடிகட்டிய தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கலக்குவதே நல்லது.

பட்டரி ஏர் பம்ப் ஒன்று, இதைக் கடைசிக்குத் தள்ளாதே. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கறண்ட் இல்லாத நாட்களில் சில்லரும் ஸ்கிம்மரும் வெறும் பெட்டிகள். இரண்டு டோர்ச் பட்டரியில் ஓடிய அந்தப் பம்புதான் மீனை உயிரோடு வைத்தது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடு முழுவதும் இருண்ட ஞாயிற்றுக்கிழமையும் அதேதான்.

ஆகவே, கேட்டதற்குப் பதில். லைட்டும் வேண்டாம், சில்லரும் வேண்டாம். இரண்டு மின்விசிறி, ஏ.டி.ஓ, பட்டரி பம்ப். சில்லருக்கென்று வைத்த காசை ஒரு வருடம் தொடாமல் வை. ஒரு முழு ஏப்ரலைப் பார்த்த பிறகு உனக்கே தெரியும். சொன்ன சொல்லை மாற்றவில்லை, சொன்ன தொனியைத்தான் மாற்றுகிறேன். சொன்னதைச் செய்வதில் சில்லர் போலொரு மெஷின் என் வீட்டில் வேறு இல்லை. கடற்கரை ஃபிளாட்டில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

என்னுடையதை விற்கிறாயா என்று நீ கேட்பாய் என்று தெரியும். திருத்தி வந்ததை இப்போது குசினிக்குப் போகும் நடையில் வைத்திருக்கிறேன், கடல் காற்று அடிக்காத ஒரே மூலை. 26இல் இல்லை, 28இல் வைத்திருக்கிறேன். விசிறிகளும் ஓடுகின்றன. பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை மட்டும் சில்லர் எழும்பி வேலை செய்கிறது, அம்மா அந்த நேரம் படுத்திருப்பா. இன்று காலை பெரியவள் திரும்பவும் அந்த ஓட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறாள். இப்போதைக்கு விற்கமாட்டேன்.