மருத்துவமனை, ஆய்வக ஏசி: ஈரத்தை விரட்ட எந்த வழி சிக்கனம்?

சென்னையில் ஒரு ஆபரேஷன் தியேட்டருக்கு ஏசி வடிவமைக்க உட்கார்ந்தால் முதலில் ஈரத்தைக் கணக்குப் போடுங்கள், சூடு அடுத்துதான். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கிலோவுக்கு 21 கிராம் நீராவி இருக்கும். உள்ளே 21 டிகிரியும் 55 சதவீதமும் வேண்டுமானால் எட்டரை கிராம்தான் இருக்கலாம். ஒரு கிலோ காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 44 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அதில் 32 கிலோஜூல், நீராவியைத் தண்ணீராக்கவே போய்விடுகிறது. கீழே வரும் ஒப்பீடுகளை எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஹீட்டரா, ஹீட் பைப்பா, தனி வெளிக்காற்றா?

அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 170-ஆம் தரநிலைப்படி தியேட்டரில் மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 முறை வெளிக்காற்று. 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறைக்கு இது மணிக்கு 2,160 கன மீட்டர். பழைய முறையில் இந்தக் காற்று முழுவதையும் 11 டிகிரி வரை குளிரவைத்து ஈரத்தை வடிப்பார்கள். அப்படியே உள்ளே விட்டால் நோயாளி நடுங்கிப்போவார் என்பதால் மின் ஹீட்டர் வைத்து 17 டிகிரிக்குத் திரும்பச் சூடாக்குவார்கள். இந்த ஆறு டிகிரிக்கு 4.4 கிலோவாட் வேண்டும். இரவு பகலாக ஓடினால் ஹீட்டருக்கு மட்டும் நாளுக்கு 105 யூனிட். கூட்டிய அதே வெப்பத்தை முன்பு இறக்குவதற்கு, குளிர்நீர் தயாரிக்கும் சில்லர் தின்ற மின்சாரம் தனி. புதிதாகக் கட்டும் மருத்துவமனையில் இந்த முறையை யார் கொண்டுவந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குளிர் காயிலைச் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) சுற்றி ஹீட் பைப் (உள்ளிருக்கும் திரவம் ஆவியாகிக் குளிர்ந்து வெப்பத்தைக் கடத்தும் மூடிய குழாய்) போட்டால், காயிலுக்குள் நுழையும் காற்றின் வெப்பம் காயிலைத் தாண்டி வரும் குளிர்ந்த காற்றுக்குப் போய்ச் சேரும். உள்ளே போகும் காற்று முன்கூட்டியே குளிரும், வெளியே வருவது இலவசமாகச் சூடாகும். மோட்டார் கிடையாது, கெட்டுப்போகப் பெரிதாக எதுவுமில்லை. விசிறி மட்டும் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தைத் தள்ள வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏ.ஹெச்.யு.வில் (காற்றைக் குளிரவைத்து அறைக்கு அனுப்பும் பெட்டி) இடம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

புதுக் கட்டடம் என்றால் மூன்றாவது வழி இன்னும் நல்லது. மொத்தக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கான வெளிக்காற்றை மட்டும் தனி ஏ.ஹெச்.யு.வில் கிலோவுக்கு 7 கிராம் வரை உலர்த்திவிடுங்கள். அது மணிக்கு சுமார் 520 கிலோ காற்று. தியேட்டரில் நிற்கும் எட்டுப் பேர் மணிக்கு 800 கிராம் ஈரம் விடுகிறார்கள் என்று எடுத்தாலும் கிலோவுக்கு ஒன்றரை கிராம்தான் ஏறும், நமக்கு வேண்டிய எட்டரையில் வந்து நிற்கும். மீதி நான்கு பங்கு காற்றுக்கு வெப்பத்தை மட்டும் எடுத்தால் போதும், ஹீட்டருக்கே வேலையில்லை. இரண்டு நிபந்தனைகள் உண்டு. சில்லர் தண்ணீர் 5, 6 டிகிரியில் வர வேண்டும். அறையின் உள்ளழுத்தம் எப்போதும் வெளியைவிடக் கூடுதலாக நிற்க வேண்டும். கதவிடுக்கு வழியாகவும் ஃபால்ஸ் சீலிங் வழியாகவும் ஈரம் நுழைந்தால் இந்தக் கணக்கு அத்தனையும் பொய்யாகிவிடும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கவுனுக்குள் வேர்க்கும் சர்ஜன் 18 டிகிரி கேட்பார். ஈரத்தை வடிக்காமல் வெப்பநிலையை மட்டும் இறக்கினால் ஈரப்பத விகிதம் ஏறும், கிரில்லில் தண்ணீர் கோக்கும், பூஞ்சை வரும். மின்சாரத்தைவிட அந்தப் பூஞ்சைதான் எனக்குப் பெரிய பயம்.

சிலிக்கா ஜெல் உலர்த்தி வீல், ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே வேண்டிய மாத்திரை, பவுடர் ஆய்வகங்களுக்குச் சரி. தியேட்டருக்குத் தேவையில்லை.

இவை எதையும் வாங்கும் முன் இரவு ஓட்டத்தைப் பாருங்கள். தியேட்டர் காலியாக இருக்கும்போது அழுத்தம் குலையாமல் காற்றைக் குறைக்க அந்தத் தரநிலையே அனுமதிக்கிறது. காற்றைப் பாதியாக்கினால் விசிறியின் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒன்றாகும்.

வெளியேறும் காற்றிலிருந்து மீட்பது: வீலா, காயிலா?

குளிர்நாட்டுக் கையேடுகளில் ரன்-அரவுண்ட் காயிலுக்குப் பெரிய மரியாதை. வெளியேறும் காற்றில் ஒரு காயில், உள்ளே வரும் காற்றில் ஒரு காயில், இரண்டுக்கும் நடுவே சுற்றும் தண்ணீர். காற்று கலக்கவே கலக்காது. ஆனால் அது மீட்பது வெப்பத்தை மட்டும்தான், ஈரத்தைத் தொடாது. சென்னையில் அந்த 44 கிலோஜூலில் வெப்பத்தின் பங்கு 12, அதில் பாதியைப் பிடித்தாலும் 6. ஈரத்தையும் சேர்த்து மீட்கும் என்தால்பி வீல் 70 சதவீதத் திறனில் 30-ஐ மீட்டுத் தரும். அதனால் புறநோயாளி பிரிவு, அலுவலகம், சாதாரண வார்டு எல்லாவற்றுக்கும் வீல்தான். அதில் கொஞ்சம் காற்று மறுபக்கம் கசியும் என்பதால் தனிமை வார்டுக்கும், ஆய்வகத்தில் ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டான ஃபியூம் ஹூட்டின் புகைக்கும் கூடவே கூடாது. தனிமை வார்டில் மணிக்கு 12 முறை மாறும் காற்று முழுவதையும் வெளியேற்றியே ஆக வேண்டும். அங்கே சிக்கனம் தேடாதீர்கள்.

ஃபியூம் ஹூட்: நிலையான ஓட்டமா, மாறும் ஓட்டமா?

ஒன்றரை மீட்டர் அகல ஹூட், 45 சென்டிமீட்டர் திறந்த கண்ணாடி, வினாடிக்கு அரை மீட்டர் வேகம். இதற்கு மணிக்கு 1,215 கன மீட்டர் குளிர்ந்த காற்று கூரை வழியே போகிறது. அதை ஈடுகட்டும் வெளிக்காற்றுக்கு ஏறக்குறைய 5 டன் ஏசி வேண்டும். பத்து ஹூட் என்றால் 50 டன். நிலையான ஓட்டத்தில் கண்ணாடியை இறக்கினாலும் இந்தச் செலவு குறையாது. மாறும் ஓட்டத்தில் கண்ணாடி இறங்க இறங்கக் காற்றும் குறையும், ஒரு குறைந்தபட்ச அளவு வரை. விலை அதிகம்தான், காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரையும் சென்சாரையும் ஆண்டுதோறும் சரிபார்க்கவும் வேண்டும். ஆனாலும் நான்கு ஹூட்டுக்கு மேல் இருந்தால் இதையே எடுப்பேன். வேலை முடிந்ததும் கண்ணாடியை இறக்கும் பழக்கம் மாணவர்களிடம் இல்லாவிட்டால் அந்தப் பணம் வீண், அதனால் ஆள் விலகினால் தானே இறங்கும் கண்ணாடியையும் சேர்த்து வாங்குங்கள்.

சில்லர்

தண்ணீரால் குளிரும் சில்லர், காற்றால் குளிருவதைவிட மின்சாரத்தில் தெளிவாகச் சிக்கனம். ஆனால் அதன் கூலிங் டவரில் டன்னுக்கு மணிக்கு 6 லிட்டர் ஆவியாகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதைப் பார்த்தவர்கள் குடிநீரை அதற்கு ஊற்ற மாட்டார்கள். மருத்துவமனையின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரை நன்றாக வடிகட்டி ஊற்றினால் தண்ணீர் சில்லரே சரி. தண்ணீர் நிற்கும் நாளில் தியேட்டரையும் ஐசியூவையும் தாங்குமளவு ஒரு காற்றுச் சில்லரும் இருக்கட்டும். 1976-ல் பிலடெல்ஃபியாவில் பரவிய பிறகே அடையாளம் காணப்பட்ட லெஜியோனெல்லா கிருமி கூலிங் டவர் தண்ணீரிலும் வளரும். டவருக்கு இடம் குறிக்கும்போது, காற்றடிக்கும் திசையில் வெளிக்காற்று இழுக்கும் வாய் எதுவும் இல்லையென்று மொட்டைமாடிக்குப் போய் நின்று பாருங்கள்.