விஎல்ஏ ஸ்கை சர்வே படங்கள்: எம்82-ஐப் பார்க்க எவ்வளவு போதும்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சான் அகஸ்டின் சமவெளியில், 25 மீட்டர் விட்டமுள்ள 27 கிண்ணங்கள் சேர்ந்து ஒரே கருவியாக இயங்கும் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி, 2017 முதல் வானத்தின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை 2 முதல் 4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீண்டும் மீண்டும் படமெடுத்துவருகிறது. அளவீடுகளுக்குக் காத்திருப்புக் காலமும் இல்லை, கட்டணமும் இல்லை. விஎல்ஏ ஸ்கை சர்வே எனப்படும் இந்த வான் கணக்கெடுப்பின் 'விரைவுப் படங்களை' ஒரே கேள்வியோடு அணுகினேன்: விண்மீன்கள் அசுர வேகத்தில் பிறந்து மடியும் எம்82 போன்ற ஸ்டார்பர்ஸ்ட் விண்மீன் மண்டலத்தைப் (கேலக்ஸியை) புரிந்துகொள்ள இவை போதுமா?

ரேடியோ ஏன் தேவை என்பதை எம்82-இல் நிகழ்ந்த இரண்டு வெடிப்புகளே சொல்லிவிடுகின்றன. 2008-இல் நிகழ்ந்த ஒரு சூப்பர்நோவாவை, அதாவது விண்மீன் வெடிப்பை, எந்த ஒளியியல் தொலைநோக்கியும் காணவில்லை. வேறொரு நோக்கத்துக்காக 2009 ஏப்ரலில் விஎல்ஏ எடுத்த அளவீடுகளில்தான் அது தற்செயலாக அகப்பட்டது. 2014 ஜனவரியில் லண்டனில் ஓர் ஆசிரியரும் மாணவர்களும் மேகம் மூடுவதற்குள் சிறிய தொலைநோக்கியைத் திருப்பிக் கண்டுபிடித்த எஸ்என் 2014ஜே என்ற சூப்பர்நோவாவோ, உலகமே வியக்கும்படி ஒளிர்ந்தும், ரேடியோவில் ஒரு புள்ளியாகக்கூடத் தென்படவில்லை. முன்னது பெருவிண்மீனின் மரணம். அதிர்வலை சுற்றியிருந்த வாயுவில் மோதி எலக்ட்ரான்களை முடுக்கியதால் ரேடியோ அலை எழுந்தது, தூசியால் அதை மறைக்க முடியவில்லை. பின்னது வெள்ளைக் குள்ளனின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின், வெடிப்பு. மோதுவதற்குச் சுற்றிலும் அடர்ந்த வாயு இல்லை.

இந்தக் கணக்கெடுப்பின் பலம் ஒப்பீட்டில் இருக்கிறது. ஒரே இடத்தைச் சுமார் 32 மாத இடைவெளியில் மூன்று முறை எடுத்திருப்பதால், முன்பு இல்லாத ஒரு புள்ளி பிறகு முளைத்திருந்தால் கண்ணில் படும். 1990-களில் இதே விஎல்ஏ எடுத்த 'ஃபர்ஸ்ட்' என்ற வானப் படத் தொகுப்போடு ஒப்பிட்டபோது, விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் ஒரு குறு விண்மீன் மண்டலத்தில் அத்தகைய புள்ளி கிடைத்தது; பெருவிண்மீன் ஒன்றின் நடுவே நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ புகுந்து அதை வெடிக்கச் செய்திருக்க வேண்டும் என்று 2021-இல் வெளியான ஆய்வு விளக்கியது. இந்த வகையில் எனக்குக் குறையே இல்லை.

எம்82-க்கு வரும்போதுதான் தடுமாற்றம். படத்தில் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய அளவு, அதாவது பிரிதிறன், 2.5 விகலை (ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கே ஒரு விகலை), கேட்க நுட்பமாகத்தான் இருக்கிறது, ஆனால் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் அது சுமார் 140 ஒளியாண்டு அகலம். அங்கே அடையாளம் காணப்பட்டுள்ள ஏறத்தாழ ஐம்பது கச்சிதமான மூலங்களில் பெரும்பாலானவை சூப்பர்நோவா எச்சங்கள். அவை சுமார் பத்து ஒளியாண்டு அளவினவே. எனவே படத்தில் தெரிவது மணிகளாகப் பிரியாமல் புடைப்புகளோடு நீளும் ஓர் ஒளிப்பட்டை மட்டுமே. மேலும், ஒவ்வோர் இடத்துக்கும் கிடைப்பது சில விநாடிகள். அவ்வளவு குறுகிய பார்வையில், ஒரு கலை (60 விகலை) அளவுக்குப் பரந்து கிடக்கும் மங்கலான ஒளியின் ஒரு பகுதி பதிவாகாமலே போய்விடும்.

விண்மீன் பிறப்பு வீதத்தைக் கணக்கிட விரும்புவோருக்கு இது சிறிய விஷயமன்று. இந்த அலைவரிசையில் வரும் ஒளியில் பெரும்பங்கு எச்சங்கள் முடுக்கிய எலக்ட்ரான்களுடையது. வெடிக்கும் பெருவிண்மீன்கள் சில கோடி ஆண்டுகளே வாழ்வதால், மொத்த ரேடியோ ஒளிர்வு அண்மைக்காலப் பிறப்பின் அளவுகோலாகிறது. மொத்தமே குறைந்தால் கணக்கும் குறையும். போதாததற்கு, முதல் சுற்றின் முற்பாதிப் படங்களில் ஒளிர்வு ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைவாகவே பதிவாகியிருப்பதாக விஎல்ஏ-வை இயக்கும் ஆய்வகமே எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் யாரும் கூட்டிக் கழிக்க வேண்டாம்.

எச்சங்களைத் தனித்தனியாகப் பார்க்க விரும்புவோர், கிண்ணங்கள் 36 கிலோமீட்டர் வரை விரிந்திருந்த காலத்து அளவீடுகளை விஎல்ஏ காப்பகத்திலிருந்து எடுத்து, ரேடியோ அளவீடுகளைப் படமாக்கும், இலவசமாகக் கிடைக்கும் காசா (CASA) மென்பொருளில் தாங்களே படமாக்கிக்கொள்ளலாம். பொறுமையும் பெரிய வன்தட்டும் வேண்டும். புதிய வெடிப்பு ஏதேனும் முளைத்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் விரைவுப் படங்களிலேயே தொடங்கலாம், எம்82-ஐவிட நெரிசல் குறைந்த மண்டலங்களில்.