கிளினிக் வாங்கக் கணக்குப் போட்டுத் தரும் சேவை: 5க்கு 3

மனைவி பல் மருத்துவர். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் கீழே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கிளினிக்கை வாங்கலாமா என்று யோசித்தபோது, செலவைக் கணக்கிட்டுத் தர சிராங்கூன் பக்கம் ஒரு கணக்காளர் நிறுவனத்தைப் பிடித்தோம்.

விலையை அலசிய விதம் பிரமாதம். நாற்காலி, கம்ப்ரெசர், ஆட்டோகிளேவ் (கருவிகளில் கிருமி நீக்கும் இயந்திரம்) ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று துருவிக் கேட்டார்கள், அப்புறம் 'குட்வில்' (கிளினிக்கின் பேருக்கும் வாடிக்கைக்கும் கேட்கும் விலை) என்று உரிமையாளர் சொன்ன தொகையை எடுத்து, பாதி நோயாளிகள் பழைய டாக்டர் பின்னாலேயே போய்விட்டால் அதற்கு என்ன மதிப்பு என்று போட்டுக் காட்டினார்கள். கொடுத்த காசு அங்கேயே வசூல்.

மற்றதில்தான் அசட்டை. வாடகை ஒப்பந்த முத்திரை வரி (நான்கு வருஷம் வரை என்றால் மொத்த வாடகையில் 0.4%) பட்டியலிலேயே இல்லை. சுகாதார அமைச்சின் உரிமம், எக்ஸ்ரே கருவிக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம், இரண்டும் 'இதர செலவு' என்று ஒரே வரியில்! பல் சிகிச்சைக்கும் 9% பொருள் சேவை வரி உண்டு, வருஷ வரவு ஒரு மில்லியன் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டினால் அந்த வரிக்குப் பதிவு கட்டாயம். இதை நாங்கள் கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். திருத்திய கணக்குக்குத் தனிக் கட்டணம் வேறு கேட்டார்கள், கொடுக்கவில்லை.