மூன்றாம் முறை அதிபர்: ரூஸ்வெல்ட், ராஜபக்ச, மொராலெஸ்

இரண்டு முறை ஆண்டவர் மூன்றாம் முறையும் நிற்கலாமா? இதற்கு ஒரே பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த வழியாக வந்து நிற்கிறார் என்று பார்க்க வேண்டும்.

1940இல் மூன்றாம் முறை நின்ற அதிபர் ரூஸ்வெல்ட்டைத் தடுக்க அமெரிக்காவில் சட்டம் எதுவும் இல்லை. வாஷிங்டன் இரண்டு முறையோடு விலகினார், ஜெபர்சனும் விலகினார்; அதுவே வழக்கமாக நிலைத்தது. வெறும் வழக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். உள்நாட்டுப் போரை வென்று கொடுத்த கிராண்ட் 1880இல் மூன்றாம் முறைக்கு முயன்றபோது, சொந்தக் கட்சி மாநாடே 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு கார்பீல்டைத் தேர்ந்தெடுத்தது. ரூஸ்வெல்ட்டையும் துணை அதிபர் கார்னரும் கட்சித் தலைவர் பார்லியும் எதிர்த்தார்கள். பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்திருந்த நேரம் அது. எதிர்த்து நின்ற வில்கி, மூன்றாம் முறை ஆபத்து என்று ஊர் ஊராகச் சொன்னார். அதையும் கேட்டுவிட்டுத்தான் மக்கள் வாக்களித்தார்கள்; மாநில வாரியாகக் கணக்கிடும் தேர்வாளர் வாக்குகளில் 449க்கு 82 என்று ரூஸ்வெல்ட் வென்றார். மரபு உடைந்தது உண்மை. ஆனால் ரூஸ்வெல்ட் தனக்காக எந்த விதியையும் திருத்தவில்லை.

இலங்கையில் வரம்பு எழுத்திலேயே இருந்தது. 1978 அரசியலமைப்பு இரண்டு முறைக்கு மேல் அனுமதிக்கவில்லை. போர் வெற்றியின் சூட்டில் இரண்டாம் முறை வென்ற மகிந்த ராஜபக்ச, வென்ற அதே 2010ஆம் ஆண்டின் செப்டம்பரில் 18ஆவது திருத்தத்தை 161க்கு 17 என்று நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டார். வரம்பு நீங்கியது பாதிக் கதைதான். தேர்தல், காவல்துறை ஆணையங்களுக்கான நியமனங்களில் அரசியலமைப்புப் பேரவைக்கு இருந்த பிடியும் அதே திருத்தத்தில் போனது. எனக்கு இதுதான் பெரிய குற்றம். போட்டியாளரே நடுவரையும் நியமிக்கிறார் என்றால் அது என்ன போட்டி? 2015 ஜனவரியில் அவருடைய கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த மைத்திரிபால சிறிசேனவே 51.28 சதவீத வாக்குகளுடன் அவரைத் தோற்கடித்தார். மக்கள்தான் திருத்திவிட்டார்களே என்பார்கள் சிலர். அந்த ஏற்பாட்டையும் மீறித்தான் திருத்தினார்கள்.

பொலிவியாவில் ஏவோ மொராலெஸ் முதலில் சரியாகத்தான் தொடங்கினார்: வரம்பைத் தளர்த்தலாமா என்று 2016 பிப்ரவரியில் மக்களையே கேட்டார். 51 சதவீதத்துக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். மறு ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம், அந்த வரம்பு மனித உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளிக்க, 2019இல் நான்காம் முறைக்காக மறுபடி நின்றார். சர்ச்சைக்குரிய அந்தத் தேர்தல் அவருடைய பதவி விலகலில் முடிந்தது. மூவரில் இவர் செய்ததைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கேட்காமல் இருப்பது ஒன்று. கேட்டு, பதில் வந்த பிறகு அதைக் காலில் போட்டு மிதிப்பது வேறு. கொலம்பியாவில் அதிபர் உரிபேயின் மூன்றாம் முறைக்கான பொதுவாக்கெடுப்பை 2010இல் நீதிமன்றம் தடுத்தபோது அவர் ஒதுங்கிக்கொண்டார்.

வரம்பு எழுத்தில் வேண்டும் என்பதே என் கட்சி. கூடவே, திருத்தம் அப்போது பதவியில் இருப்பவருக்குச் சாதகமாகச் செல்லக் கூடாது. அமெரிக்கா 1951இல் இரண்டு முறை வரம்பைச் சட்டமாக்கியபோது பதவியில் இருந்த ட்ரூமனுக்கு விலக்கு கொடுத்தது. அவர் மறுபடி நின்றிருக்கலாம். 1952 மார்ச்சில், நிற்கப்போவதில்லை என்று அவரே அறிவித்துவிட்டார்.