இனிஷியலை விழுங்கிவிடும் ஆப்: 5க்கு 2

கேள்வி கேட்டால் தமிழிலேயே பேசிப் பதில் சொல்லும் ஆப் ஒன்றை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. முதல் ஏழு நாள் இலவசம், அப்புறம் மாதம் 199 ரூபாய். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, பிழைத்துப் போகட்டும். குரல் நன்றாக இருக்கிறது, ழகரம் சுத்தமாக வருகிறது, அம்மா பாதியில் நிறுத்தி யோசித்துவிட்டு மறுபடி தொடர்ந்தாலும் பொறுமையாகக் காத்திருக்கிறது. ராகுகாலம், மழை வருமா, புளிக்காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜானகியில்தான் மாட்டிக்கொண்டது. அம்மா எஸ். ஜானகி ரசிகை. ஜானகி எப்போது சினிமாவில் பாட வந்தார் என்று கேட்டார். 1957 என்று சரியாகச் சொன்ன ஆப், அதே மூச்சில், 1988 ஜனவரியில் 24 நாள் தமிழ்நாட்டு முதலமைச்சராகவும் இருந்தார் என்றது! "பாடினது போதாதுன்னு ஆட்சி வேற பண்ணாங்களா?" என்று அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அந்த ஆப்புக்கு ஜானகி பரீட்சைதான்.

முதலமைச்சராக இருந்தவர் வி.என். ஜானகி, எம்.ஜி.ஆரின் மனைவி, தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். அவரும் ஒரு காலத்தில் நடிகை என்பதால் சௌகார் ஜானகியைக் கேட்டால் இவர் கதை வருகிறது, இவரைக் கேட்டால் அவர் கதை. 1950இல் ஒரு பக்கம் மருதநாட்டு இளவரசியில் வி.என். ஜானகி, இன்னொரு பக்கம் ஷாவுகாரு என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகமாகும் இன்னொரு ஜானகி. ஒரே வருஷம், ஒரே தொழில், அதனால் இந்தக் குழப்பத்தை ஓரளவுக்கு மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது அடுத்தது. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் என்று துறையோடு சேர்த்தே கேட்டேன். அதற்கும் எம்.ஜி.ஆரில்தான் ஆரம்பித்தது. 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை வேறு புல்லினங்களோடு கலப்பு செய்து பார்த்தவர் இ.கே. ஜானகி அம்மாள். பிறகு இங்கிலாந்து போய், 1945இல் டார்லிங்டன் என்ற மரபியல் அறிஞரோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். மக்னோலியா என்ற பூமரத்தின் ஒரு ரகத்துக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் நம் மதுரவாயலில்தான் இருந்தார், கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் அணை கட்டக் கூடாது என்று அந்த வயதிலும் நின்றார். இதையெல்லாம் நான் நாலு தடவை மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு, "கோயம்புத்தூர் கரும்பு" என்று எடுத்துக் கொடுத்ததும்தான் சொன்னது. விடை தெரிந்தவன் கேட்டால்தான் விடை வரும் என்றால் 199 ரூபாய் எதுக்கு?

கடைசியாக ஒரு வம்புக் கேள்வி. பத்ம விருது வாங்கிய ஜானகி யார்? எஸ். ஜானகி, பத்மபூஷண், 2013 என்றது. அந்த வருஷம் அவருக்கு அறிவித்தது உண்மைதான், ஆனால் வேண்டாம் என்று மறுத்துவிட்டார், ஊருக்கே தெரிந்த செய்தி. வாங்கியவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும், மூன்றும் பத்மஸ்ரீ: 1977இல் இ.கே. ஜானகி அம்மாள், 2022இல் சௌகார் ஜானகி, நடுவில் 2000இல் மலேசியாவின் ஜானகி ஆதி நாகப்பன். இந்தக் கடைசி ஆள் பதினெட்டு வயதுவாக்கில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர், பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினர். இப்படி ஒருவர் இருந்ததாகவே ஆப் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்குப் புரிந்தவரை, கேள்வி உள்ளே போகும்போதே இனிஷியலைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைத் தேடுகிறது. நம் ஊர்ப் பெயர்களில் ஆளைக் காட்டுவதே அதுதானே. எஸ். என்பது சிஸ்ட்லா என்ற தெலுங்கு வீட்டுப் பெயர். வி.என். என்றால் ஊர் வைக்கம், அம்மா நாராயணி. இ.கே. மலையாளத் தறவாட்டுப் பெயர், அதாவது குடும்பப் பெயர், ஆதி நாகப்பன் கணவர் பெயர், சௌகார் என்பதோ முதல் படத்தின் பெயர்! இந்த ஐந்தையும் உருவி எறிந்துவிட்டால் பாடகியும் முதல்வரும் ஒரே ஆளாகாமல் என்ன செய்வார்கள்.

தப்பைச் சுட்டிக்காட்டினால் உடனே மன்னிப்புக் கேட்கிறது, மறுநாள் அதே தப்பை அதே இனிமையான குரலில் சொல்கிறது. "எந்த ஜானகி?" என்று ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்டிருந்தால் நாலு மதிப்பெண் கொடுத்திருப்பேன். குரலுக்கு ஒன்று, ராகுகாலத்துக்கு ஒன்று, ஆக இரண்டு. இந்த மாதத்தோடு சந்தாவை நிறுத்துகிறேன். இருக்கிற நாள்வரைக்கும் அம்மா அதனிடம் மழை மட்டும் கேட்டுக்கொள்கிறார்.