மொறிஸ் மைனர் சில் தகடுகளும் குறுக்குச் சட்டமும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

மொறிஸ் மைனர் காருக்கு, லொறிக்கு இருப்பதுபோலத் தனிச் செசி (அடிச்சட்டம்) கிடையாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த நாளிலிருந்தே அதன் உடல்தான் அதன் எலும்பு. தரைத் தகடு, அதன் இரு ஓரத்திலும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், நடுவில் தரைக்கு அடியால் போகும் குறுக்குச் சட்டம், முன்னுக்கு நீளும் இரண்டு செசிக் கால்கள் எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. ஆகவே இந்த இடங்களில் கறள் பிடித்தால் புட்டி பூசிப் பெயின்ற் அடிப்பது திருத்தமல்ல, ஏமாற்று.

நல்ல செய்தி என்னவென்றால், இவை அத்தனைக்கும் மாற்றுத் தகடு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பிரித்தானியாவில் விற்ற மைனர் பாகங்களில் ஒரு பகுதி 1990களில் இலங்கையில் செய்யப்பட்டு அங்கே போனது. ஆனால் கிடைப்பதெல்லாம் வாங்கத் தக்கதல்ல.

முதலில் கதவடிச் சட்டம். மெக்கானிக்குகள் இதைச் ‘சில்’ என்பார்கள். ஓடுகிற சில்லோடு குழப்ப வேண்டாம். வெளியே தெரிவது இஸ்குறூப்பு ஆணியால் பிடித்த அலங்கார மூடி மட்டுமே. அதைக் கழற்றினால்தான் உண்மையான வெளிச் சில் தெரியும். அதற்கு உள்ளே தரையின் ஓரமும், கீழிருந்து பெட்டியை அடைக்கும் உட்தகடும் இருக்கின்றன. மூடி பளபளவென்று இருக்க, உள்ளே கை நுழையும் ஓட்டை இருப்பது மைனரில் சாதாரணம். இஸ்குறூ டிரைவரால் கீழிருந்து குத்திப் பார்க்காமல் விலை பேசக்கூடாது.

விற்பனைக்கு வருவதில் மலிவானது பழைய சில்லின் மேல் போர்த்தி வெல்டிங்கால் ஒட்டும் மேல்தகடு. இதை வாங்கவே வேண்டாம். ஒட்டுப் பிடிக்க அடியில் நல்ல இரும்பு இல்லை. பழைய கறள் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரத்தைப் பிடித்துவைத்துப் புதியதையும் தின்னும். வெளிச் சில், உட்தகடு, தரை ஓரம் மூன்றும் சேர்ந்த தொகுதிதான் காசுக்கு ஏற்றது. தடிப்பு 1.2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அச்சில் அழுத்தி எடுத்ததையே கேளுங்கள். மடித்து வளைத்த தகடு நேர்ப்பகுதியில் பிழையில்லாமல் உட்காரும், ஆனால் கதவுத் தூணோடு சேரும் முனைகளில் வெட்டி ஒட்டுவதிலேயே ஒரு நாள் போய்விடும். இரண்டு கதவுக் காருக்கும் நான்கு கதவுக் காருக்கும் நடுத்தூண் ஒரே இடத்தில் இல்லை என்பதை ஓடர் கொடுக்கும்போது மறக்கக்கூடாது. கூரை மடிக்கும் ரகத்தில் மேலதிக வலுத்தகடுகள் உண்டு. அவை இல்லாமல் சாதாரணச் சில்லை ஒட்டினால் கார் நடுவில் தொய்யும்.

குறுக்குச் சட்டத்துக்கு இரண்டு வழி: முழுச் சட்டம், அல்லது இரு முனைத் துண்டுகள் மட்டும். ஜாக்கி போடும் இடம் முனைகளில் இருப்பதால் கறளும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நடுப்பகுதி சுத்தியலால் தட்டும்போது ‘ணங்’ என்று கேட்டால் முனைத் துண்டு போதும். சத்தம் மந்தமாக இருந்தால் முழுசாக மாற்றுங்கள். முன் சஸ்பென்சனில் முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீள இரும்புக் கம்பிகளான ரோர்சன் பார் இரண்டும் பின்முனையில் இந்தச் சட்டத்தில்தான் பிடித்திருக்கின்றன. அவற்றைத் தளர்த்தாமல் சட்டத்தை வெட்டுவது உயிராபத்து. கழற்றுமுன் காரின் உயரத்தை அளந்து, பாரின் நிலைக்கு அடையாளம் போடுங்கள். இடது பாரை வலதுக்கு மாற்றக்கூடாது. ஒரு பக்கமாக முறுகிப் பழகிய இரும்பு அது.

வலது செசிக் காலில் இன்னொரு தொல்லை. மிதியை அழுத்தும்போது பிறேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், அந்தச் செசிக் காலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிடிக்கும் நீள ஆணியை இழுத்தால் ரோர்சன் பாரில் இடிக்கும். பாரை எப்படியும் கழற்றுகிறீர்கள் என்றால் அதே வேளையில் சிலிண்டரையும் வெளியே எடுங்கள். உள்ளே விட்டு வெல்டிங் செய்தால் றப்பர் வெந்துவிடும். செசிக் காலுக்கு 1.6 மி.மீ. தகடு வேண்டும். பின் ஸ்பிரிங் பிடிகளை ஒட்டுவதென்றால் பெற்றோல் தாங்கியை முற்றாக இறக்கி, காருக்குத் தூரத்தில் வையுங்கள்.

தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொருத்தும் ஒழுங்கு பிழைத்தால் கார் கோணும். கதவுகளைக் கழற்றாமல், அவற்றின் இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெட்டுமுன் கதவு வாசலுக்குள் முன் தூணையும் பின் தூணையும் இணைத்து 25 மி.மீ. சதுரக் குழாய் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். வெட்டிய ஓரம் பளிச்சென்ற இரும்பு வரும்வரை பின்னுக்குப் போகட்டும்.

ஊரில் பலர் வைத்திருக்கும் சாதாரண ஆர்க் வெல்டிங் இதற்கு ஆகாது. 1 மி.மீ. தகட்டில் ஓட்டைதான் விழும். 0.6 மி.மீ. கம்பியைத் தானாக ஊட்டி ஒட்டும் மிக் (MIG) வெல்டிங் இயந்திரம் வேண்டும். தொழிற்சாலைப் புள்ளி ஒட்டு இருந்த இடங்களில் 6 மி.மீ. துளையிட்டு, 25 முதல் 30 மி.மீ.க்கு ஒன்றாக நிரப்புங்கள். நீளமாக இழுக்காமல் இடம்மாறி மாறிச் சிறு துண்டுகளாக ஒட்டினால் தகடு நெளியாது. ஒன்றன்மேல் ஒன்று படியும் முகங்களில் துத்தநாகப் பிறைமர் பூசலாம். துளைக்குள் மட்டும் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டில் காற்றுக் குமிழ் வரும். புதுத் தகட்டின் கறுப்புப் பூச்சு கப்பலில் வருவதற்கானது. அதன்மேல் பெயின்ற் அடித்தால் ஒரு மாரிக்குள் உரியும்.

கடைசி வேலையைத்தான் பலர் விடுகிறார்கள். பெயின்ற் காய்ந்த பிறகு சில்லுக்குள் மெழுகெண்ணெயை நீளக் குழாயால் அடியுங்கள். உப்புக்காற்று உள்ள கரையோர ஊர்களில் இதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடித்த மறுநாள் கீழே உள்ள வடிதுளைகள் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பாருங்கள். மெழுகு அடைத்திருந்தால் முதல் மழையிலேயே பெட்டி தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.